ஐம்பது நிமிடம்

காலை ஆறு மணிக்கு நிலையத்தின் மூன்று வார்டுகளிலும் கேள்விமணிகள் ஒன்றாகப் பேசத் தொடங்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிவைத்த, மொச்சைக்கொட்டை அளவுள்ள கருவி அது. அது கேட்கும் கேள்வி அணிந்திருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். வெளியே நிற்கிற எனக்குப் பதில்கள் மட்டுமே வந்து விழும். "இடது பக்கம், ரெண்டாவது கதவு." "சர்க்கரை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னால." "எங்க அண்ணன் இப்ப ஓசூர்ல இருக்கான்." நூற்றிருபது பேர் பல் துலக்கியபடியும் போர்வையை மடித்தபடியும் கண்ணுக்குத் தெரியாத யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் டீக்கோப்பையோடு நடுவில் நடந்துபோவேன்.

என் பெயர் இசக்கியப்பன். இந்த நிலையத்தில் முதற்படி குறிப்பவன்.

மறதிக்காய்ச்சல் வந்துபோனவர்களுக்குப் பழைய நினைவெல்லாம் பத்திரமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி, முதல் சம்பளத்தில் எடுத்த சட்டை, எதுவும் போகாது. காய்ச்சலுக்குப் பிறகு நடப்பதுதான் ஒட்டாது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். தூங்கி எழுந்தால் சுத்தமாக ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்து, அது கரைவதற்குச் சற்று முன்னால் அதையே கேள்வியாகக் கேட்டு, அவர்கள் தட்டுத்தடுமாறி விடையைத் தேடி எடுத்துவிட்டால், அடுத்த முறை அது கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். அதற்கடுத்த முறை இன்னும் கூடுதலாக. நிமிடம் மணியாகும், மணி நாளாகும், நாள் மாதமாகும். இப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் அட்டை என்று பெயர். எல்லாம் சிப்பில்தான் இருக்கிறது என்றாலும் பழைய பெயர் நின்றுவிட்டது.

இடைவெளிகளைக் கணக்குப் போடுவது இயந்திரம். ஆனால் இயந்திரத்துக்கு வரலாறு வேண்டும். இதற்கு முன் எத்தனை முறை சரியாகச் சொன்னார், எத்தனை முறை தவறினார் என்று தெரிந்தால்தான் அதற்கு வேலை ஓடும். புத்தம்புது அட்டைக்கு வரலாறு எங்கிருந்து வரும்? அந்த இடத்தில் ஒரு மனிதன் எண்களை நிரப்ப வேண்டும். அவைதான் முதற்படிகள். நான் நிரப்புவேன். ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு நாள். பதினோரு வருடங்களாக எல்லோருக்கும் இதே மூன்று எண்கள்தான். ஒரு நாளைக்கு முப்பது அட்டை முடிப்பேன்.

அமலியின் கோப்பு என்னிடம் வந்தபோது அதன் மேல் சிவப்புப் பட்டை இருந்தது. ஓர் அட்டை ஏழு முறை விழுந்துவிட்டால், அதாவது விடை வராமல் போனால், சிவப்பு; நான் பார்க்கும்வரை அது நிறுத்தத்தில் இருக்கும். எட்டாவது முறை விழுந்தால் விதிப்படி அந்த அட்டையை முத்திரை வைத்து நிரந்தரமாக மூடிவிடுவார்கள். திரும்பத் திரும்பத் தோற்கும் மூளை தோல்வியையே பழகிக்கொள்ளும், மற்ற அட்டைகளையும் கெடுக்கும் என்பது காரணம். பெரும்பாலும் அதனால் பெரிய நஷ்டம் இருக்காது. புதிய பக்கத்துவீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழ்ந்துவிடலாம்.

அமலியின் அட்டை அவளுடைய மகள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளிலிருந்து கரைக்கு மின்சாரம் கொண்டுவரும் வடங்களை இணைக்கிற வேலை. கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டும் என்று முடிவுசெய்து, விந்து வங்கி மூலம் கருத்தரித்தவள். ஆறாவது மாதத்தில் காய்ச்சல் வந்தது. பிரசவம் இங்கேதான் நடந்தது. குழந்தைக்கு இப்போது முப்பத்துமூன்று நாள். அவளுக்கு வயிற்றில் பிள்ளை உதைத்தது நினைவிருக்கிறது. பிள்ளை பிறந்தது நினைவில்லை. எட்டாவது முறையும் அட்டை விழுந்தால் குழந்தை அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போகும். அமலி வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம், யாரோ ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல.

நான் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் மனைவி ரோஸ்லின் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். கோப்பில் இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அமலி அழுதாள். குழந்தையின் தலை நனையாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"எத்தன தடவ பாக்கி?" என்று கேட்டாள்.

"ஒண்ணு."

"ஏ அமலி, எதுக்கு உன்ன நீயே வதைக்க?" என்றார் ரோஸ்லின். "நான் என்ன அந்நியத்தியா? என் ரெண்டு பயலுவளையும் வளத்தேன்லா? இதையும் வளத்துக்கிடுதேன். தொட்டில்கூடக் கட்டியாச்சு."

"நீங்க நல்லா வளப்பீங்க மைனி. அதுல சந்தேகமே இல்ல." அமலி என்னைப் பார்த்தாள். "சார், அந்த ஒரு நிமிசம், பத்து நிமிசம், ஒரு நாளு. இத யாரு வச்சா?"

பதினோரு வருடங்களில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "எப்பவும் அதுதான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"வடத்த ஜாயின்ட் போட்டா நாங்க இழுத்துப் பாப்போம். எவ்வளவு இழுத்தா அறுதுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு தாங்கும்னு எழுதுவோம். என் மண்டைய யாரும் இழுத்துப் பாத்தீங்களா?"

அறைக்குத் திரும்பிப் பழைய பதிவுகளைத் தோண்டினேன். அந்த மூன்று எண்களை நிர்ணயித்தவர் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. அவற்றைப் பயன்படுத்திய முதல் அட்டை, காய்ச்சல் பரவிய முதல் மாதத்தில் போட்டது. 'கழிப்பறை எந்தப் பக்கம்?' அவசரத்துக்கு எவரோ போட்ட எண்களைத்தான் நான் இத்தனை வருடம் எல்லோருக்கும் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே அவளுடைய அறை வாசலில் போய் நின்றேன். அமலி விழித்தாள். கை வயிற்றுக்குப் போனது. பதறி எழுந்து உட்கார்ந்தாள். உடனே நர்ஸ் கோமு ஓடிவந்தார். "ஒண்ணுமில்லம்மா, பிள்ளை பிறந்தாச்சு, நல்லா இருக்கு, பொம்பளப்பிள்ளை" என்று குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தார். கோமு நல்ல மனுஷி. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் கேள்விமணி கேட்க வேண்டிய நேரத்துக்கு முன்பே விடையைச் சொல்லிவிட்டார்; சொல்லிக்கொடுத்த விடை தோல்விக் கணக்கில்தான் சேரும். பதிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக அந்தக் காலைகள் இருந்தன. எதற்கும் அவளாகத் தேட ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அடுத்து, கோமுவிடம் கேட்டு இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். ஒரு நிமிடக் கேள்வி வந்தபோது குழந்தை மடியில் இருந்தது. பத்து நிமிடக் கேள்வி வந்தபோதும் மடியிலேயே இருந்தது. 'உனக்குக் குழந்தை பிறந்துவிட்டதா?' என்று மணி கேட்டால், குனிந்து பார்த்து "ஆமா" என்பாள். பச்சை விளக்கு எரியும். அதன் பிறகு ஒரே தாவலாக ஒரு நாள்.

தலைமை மருத்துவர் ஹமீதாவிடம் போய், முதற்படிகளை மாற்ற வேண்டும் என்றேன்.

"மாத்தி எட்டாவது தடவையும் விழுந்தா?" என்று கேட்டார்.

"மாத்தலைன்னா நிச்சயமா விழும் மேடம்."

"அந்தம்மா சம்மதிக்கணும். இன்னைக்குச் சம்மதிச்சுட்டு நாளைக்கு எனக்குத் தெரியாதுன்னா அது சம்மதம் ஆகாது. ஒவ்வொரு நாளும் கேட்டுக் கையெழுத்து வாங்குங்க. மூணு நாள் தரேன்."

அட்டையை மேலும் மூன்று நாள் நிறுத்திவைத்தேன். ஒவ்வொரு காலையும் நான் போய் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. குழந்தை பிறந்திருக்கிறது. நீங்கள் மறந்துவிட்டீர்கள். ஏழு முறை. மூன்று நாளும் அமலி அழுதாள். மூன்று நாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எத்தனை தடவை பாக்கி என்று கேட்டாள். ஒன்று என்றதும், முந்தைய நாள் சொன்னது எதுவும் தெரியாமலேயே, "அப்ப அத ஒழுங்காச் செய்வோம்" என்று டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் நான் வெளியே வந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். அவளுக்குள் எது கரைந்தாலும் இந்த ஒன்று கரைவதாக இல்லை.

அந்த மூன்று நாளும் அவளை இழுத்துப் பார்த்தோம். அவள் வாழ்க்கைக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களைச் சொன்னேன். ஒரு படகின் பெயர், ஒரு கடையின் எண், ஒரு நாயின் நிறம். சிலவற்றை இருபது நிமிடம் கழித்துக் கேட்டேன், சிலவற்றை நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது நிமிடம் கழித்து. நாற்பதுவரை ஒன்றும் தவறவில்லை. ஐம்பதில் பத்துக்கு எட்டு. அறுபதில் பாதி. எழுபதில் ஒன்றுகூட இல்லை. சொற்கள்தான் புதிது, அறுகிற இடம் ஒன்றாகவே இருந்தது.

முதல் இடைவெளியாக முப்பது நிமிடம் எழுதினேன். அமலி டேப்லெட்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"முப்பதுல கேட்டா லேசா வந்துரும்லா?"

"வரும். அதுதானே வேணும்?"

"லேசா வந்தா தேடமாட்டேன். தேடாம எடுத்தது தங்காதுன்னு இப்பத்தான நீங்களே சொன்னீங்க. அம்பது போடுங்க."

"அம்பதுல பத்துக்கு ரெண்டு தவறுது அமலி. அந்த ரெண்டுல ஒண்ணா இது போச்சுன்னா?"

அவள் டேப்லெட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "எல்லாத் தடவையும் லேசாக் கேட்டுத்தான ஏழு தடவ தோத்தேன்? அம்பது போடுங்க சார்."

போட்டேன். அடுத்த படி இரண்டரை மணி நேரம். அதற்கடுத்து, மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தவுடன். பிறகு இரவுத் தூக்கம் தாண்டி மறுநாள் காலை. தாவலாக இருந்ததைப் படிக்கட்டாக உடைத்தோம். கேள்வியையும் அவளே மாற்றினாள். நான் சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் ஏதோ குழந்தை அழ, அவள் மேல்சட்டை ஈரமானது. குனிந்து பார்த்தவள் சொன்னாள்: "படத்தக் காட்டி இது யாருன்னு கேக்காதீங்க. பிள்ளை முகம் நாளுக்கு நாள் மாறும். எனக்கு ஏன் பால் சுரக்குன்னு கேளுங்க. அது எங்கூடவே இருக்கும்."

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இடைவெளி உண்மையான இடைவெளியாக இருக்க வேண்டும் என்றால் குழந்தை கண்ணில் படக்கூடாது. யாரும் குழந்தையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. பசித்தால் புட்டியில் வைத்த பாலை ரோஸ்லின் ஊட்ட வேண்டும். அமலி தோற்றால் குழந்தை யார் வீட்டுக்குப் போகுமோ அவரிடமே இதைக் கேட்க வேண்டியிருந்தது.

"நான் இடையில புகுந்து கெடுத்துட்டா என்ன செய்வ?" என்று ரோஸ்லின் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

"கெடுக்கமாட்டீங்க மைனி."

ரோஸ்லின் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். அமலியிடம் எல்லாம் சொன்னேன், ஐம்பது அவளே போடச் சொன்னது என்பதையும் சொன்னேன், குழந்தையைக் காட்டினேன். அவள் பால் கொடுத்தாள். உள்ளங்காலைத் தடவினாள். கருவுற்ற நாளிலேயே பெண் பிறந்தால் ஜெசிந்தா என்று முடிவுசெய்திருந்ததால் அந்தப் பெயர் அவளிடம் பத்திரமாக இருந்தது. அந்தப் பெயருக்கு ஆள் வந்துவிட்டது என்பதுதான் அட்டை. எட்டு இருபதுக்கு ரோஸ்லின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவின் கடைசி அறைக்குப் போனார்.

நானும் அமலியும் அறையில் இருந்தோம். வடங்களைப் பற்றிப் பேசச் சொன்னேன். உப்புநீர் உள்ளே புகுந்தால் செம்பு எப்படிப் பச்சையாகும் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணியளவில் வராந்தாவின் கடைசியில் குழந்தை அழுதது. பேச்சை நிறுத்தினாள்.

"யாரு பிள்ளை சார் அழுவுது?"

நான் டேப்லெட்டில் கண்ணை வைத்துக்கொண்டேன். சட்டை ஈரமாவதை அவள் கவனித்தாள். முகத்தில் ஏதோ வந்து நின்று, நிற்க முடியாமல் நழுவியது. எழுந்து கதவுவரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அழுகை ஓய்ந்தது. ரோஸ்லின் புட்டியை வைத்திருப்பார். பத்து நிமிடம் அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது என்றே வைத்திருக்கலாமே என்று நான் மனதுக்குள் என்னைத் திட்டிக்கொண்டேன்.

ஒன்பது பத்துக்குக் கேள்விமணி கேட்டது. அவள் தலை லேசாகச் சாய்ந்தது.

"எனக்கு..." என்றாள். "பிள்ளைக்குக் குடுத்தேன். உள்ளங்கால் சூடா இருந்துச்சு. எம்பிள்ளைதான். ஜெசிந்தா பிறந்துட்டா."

பச்சை விளக்கு. இரண்டரை மணி நேரம் கழித்து இன்னொரு பச்சை. மதியம் முக்கால் மணி நேரம் தூங்கி எழுந்தபோது அவள் கை வயிற்றை நோக்கிப் போய், பாதிவழியில் நின்று, நெஞ்சுக்கு வந்தது. மூன்றாவது பச்சை. இதுவரை நாங்கள் யாரும் பார்க்காத இடம் அது. ஆனால் ஒரு முழு இரவு பாக்கி இருந்தது.

மறுநாள் வெளிச்சம் வரும்போதே நான், கோமு, டாக்டர் ஹமீதா மூவரும் வாசலில் நின்றோம். ரோஸ்லின் குழந்தையோடு மறைவாக, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். வாயைத் திறக்கக்கூடாது என்று கோமுவிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன்.

அமலி விழித்தாள். கை வயிற்றுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"எம்பிள்ளை!" என்று கத்தினாள். "எங்க எம்பிள்ளை? என்ன செஞ்சீங்க?"

கோமு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அமலி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு தாய் அப்படிக் கேட்கும்போது மூன்று பேர் சும்மா நின்றோம். என் வேலையில் அவ்வளவு கொடுமையான காரியத்தை நான் அதற்கு முன் செய்ததில்லை. "செத்துட்டா? சொல்லுங்களேன், செத்துட்டா?" என்றாள். கோமு விம்மியது கேட்டது.

கேள்விமணி கேட்டது. பதில் சொல்ல இரண்டு நிமிடம்.

அவள் முதலில் அதைக் கவனிக்கவே இல்லை. பிறகு யாரோ அதட்டியதுபோல நிமிர்ந்தாள். "பாலா?" என்றாள். கையை நெஞ்சில் வைத்தாள். சட்டை நனைந்திருந்தது. கண்ணை மூடினாள். நான் நொடிகளை எண்ணினேன். எழுபது, எண்பது. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. நூறு.

"யாரோ குடிச்சிருக்கு," என்று மெதுவாகச் சொன்னாள். "இதக் குடிச்சிருக்கு. மைனி... மைனி தோள்ல போட்டுட்டு வராந்தால போனாங்க. நான் தடுக்காம இருந்தேன். நாந்தான் அம்பது போடச் சொன்னேன்." கண்ணைத் திறந்தாள். "ஜெசிந்தா பிறந்துட்டா. மைனி! கொண்டாங்க அவள!"

ரோஸ்லின் ஓடிவந்தார். கொடுத்துவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். "தொட்டிலக் கழட்டணும்," என்றார், சிரிக்கவும் முயன்றபடி. "அவர்கிட்ட சொல்லிக் கழட்டச் சொல்லணும்."

"கழட்டாதீங்க. ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வாரேன்," என்றாள் அமலி.

எல்லோருக்கும் ஒரே எண் என்ற வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்தேன். இப்போது புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் மூன்று நாள் இழுத்துப் பார்த்துத்தான் எண் போடுகிறேன். ஒருவருக்கு இருபத்தைந்து நிமிடம் வருகிறது, இன்னொருவருக்கு இரண்டு மணி நேரம். நாளொன்றுக்கு முப்பது அட்டை முடித்த நான் இப்போது ஐந்தோ ஆறோ முடிக்கிறேன். வேகம் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு இரண்டு கடிதம் வந்தது. இரண்டுக்கும் சிவப்புப் பட்டைக் கோப்புகள் எத்தனை குறைந்தன என்று மட்டும் எழுதியனுப்பினேன்.

பத்து மாதம் கழித்து அமலி நிலையத்துக்கு வந்தாள். மகள் அவள் விரலைப் பிடித்து, விழுந்து எழுந்து நடந்துகொண்டிருந்தாள். நான் யார் என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இயந்திரம் அடுத்த இடைவெளியை எழுதியிருந்தது: நூற்றுப்பதினெட்டு நாள்.

"கிட்டத்தட்ட நாலு மாசம் யாரும் உங்களக் கேக்கமாட்டாங்க," என்றேன். "பயமா இருந்தா சொல்லுங்க, கொறச்சுக்கலாம்."

"எனக்கு இவ இருக்கான்னு தெரியும் சார். இவ முதல்ல என்னைக்கு நடந்தான்னு தெரியாது. இப்ப வர்ற வழியில மைனிதான் சொன்னாங்க, வியாழக்கிழமையாம். அம்மான்னு எப்பச் சொன்னான்னும் தெரியாது." அவள் குனிந்து மகளின் மூக்கைத் துடைத்தாள். "எல்லாத்தயும் அட்டையில போட்டா நாள் பூரா பதில்தான் சொல்லிக்கிட்டு இருக்கணும். நடந்தத விட்டுட்டேன். இன்னைக்கு என்ன செய்யுதான்னு பாத்துக்கிடுதேன். அது போதும்."

"அப்ப நூத்திப்பதினெட்டு?"

"போடுங்க," என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளைத் தூக்காமல், அவள் வேகத்துக்கே நடந்து, வாசல் வெயிலுக்குள் இறங்கினாள்.